இரண்டு பெட்டிகள், ஒரு மலைப்பாதை

ஹோல்ஸ்பாக்
அக்டோபர் 9, 2011

அன்புத் தங்கை பூர்கிக்கு,

கடற்காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறதா? ஒத்துக்கொள்ளவில்லை என்று நீ எழுதினால் உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன், அதை மறைப்பானேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுது என்றாய். இதோ எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் இவ்வளவு நீளமாக எழுதியது பீர் கம்பெனிக்குப் போட்ட புகார்க் கடிதம் ஒன்றுதான்.

விடுதி நடக்கிறது. மலையேற வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். தோட்டத்து நாற்காலிகளை உள்ளே போட்டாயிற்று. சமையற்கட்டில் சென்ஸி என்னைத் தவிர எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறாள். ஏப்ரலில் நீ மூட்டையைக் கட்டிக்கொண்டு உன் சிநேகிதி ஃப்ராவ்க்கே வீட்டுக்குப் போனதிலிருந்து என் தட்டில் விழும் உருளைக்கிழங்கு உருண்டை சிறுத்துக்கொண்டே வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு அட்வென்ட் ஞாயிறுகள் நெருங்கிவிட்டன. ஊரார் மாடி ஹாலுக்கு நம் குட்டி ரயிலைப் பார்க்க வந்துவிடுவார்கள். என் பக்கத்துப் பெரிய ஸ்டேஷன் தயார். ரயிலை ஓட்டும் புதுப் பெட்டியின் கண்ணாடித் திரையில் விரலை வைத்தால் வண்டி வெண்ணெய் மாதிரி நழுவிக் கிளம்புகிறது. உன் மலைப்பாதைதான் சிக்கல். உன் இன்ஜின் ஒன்றுகூட அசையவில்லை. இன்ஜின் எண்ணைத் தட்டுகிறேன், திரையில் பச்சை எரிகிறது, இன்ஜின் மட்டும் உன்னைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது.

சிவப்புக் குமிழ் வைத்த உன் பழைய சாம்பல் பெட்டியைத் தேடினேன். காணோம். எடுத்துக்கொண்டு போய்விட்டாயா? ஒரு சாண் தண்டவாளம்கூட இல்லாமல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய்?

உன் பிறந்தநாளுக்கு ஆசை ஆசையாக வாங்கித் தந்த புதுப் பெட்டியை 'இந்தக் கண்ணாடிப் பலகைய என் முன்னால வைக்காதே' என்று சொல்லி மேஜைத்துணியைப் போட்டு மூடினாயே, அது இன்னும் உறுத்துகிறது. போகட்டும். உன் இன்ஜின்களைத் திறந்து உள்ளே புது எலக்ட்ரானிக் சிப்பு மாற்றிவிடவா? உடனே பதில் எழுது.

உன் அண்ணன்,
கோர்பினியன்


குக்ஸ்ஹாவன்
அக்டோபர் 16

அண்ணா,

என் இன்ஜினைத் திறந்தால் உன் விரலை ஒடிப்பேன். இதை இன்னொரு தடவை படித்துவிட்டு அப்புறம் கீழே போ.

உன் புதுப் பெட்டி ஒரு பாஷை பேசுகிறது, என் பழைய பெட்டி வேறு பாஷை பேசுகிறது. இரண்டும் தண்டவாளத்தின் வழியாகத்தான் உத்தரவு அனுப்பும். ஆனால் என் இன்ஜின்களுக்குப் பழைய பாஷை ஒன்றுதான் தெரியும். நீ திரையில் மணிக்கணக்காகத் தட்டினாலும் அதுகளுக்கு அது வெறும் இரைச்சல். முகத்தைத் திருப்பவில்லை, புரியவில்லை, அவ்வளவுதான்.

உன் புத்தி எனக்குத் தெரியும். யாரிடமாவது பழைய பெட்டி ஒன்றை இரவல் வாங்கி, இரண்டையும் ஒரே தண்டவாளத்தில் மாட்டிப் பார்ப்பாய். செய்யாதே. இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துக் கத்தி, புகை வந்துவிடும்.

என் பெட்டி இங்கே ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. சாயங்காலம் டீ குடிக்கும்போது குமிழைத் திருப்பிக்கொண்டிருப்பேன். ஃப்ராவ்க்கே சிரிக்கிறாள். அவள் வாடகைக்கு விடும் அறைகளில் படுக்கை விரிப்பது நான்தான். சந்தையிலிருந்து இறால் வந்தால் உரிப்பதும் நானே. அவள் ஒரு கிண்ணம் முடிப்பதற்குள் நான் இரண்டு முடித்துவிடுகிறேன், விரலுக்கு அது தானாக வருகிறது. கடல் பாதி நாள் காணாமல் போய்விடுகிறது, வெறும் சேறு. அது திரும்பி வருகிற சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. சாப்பாடு மகா மோசம். மாட்டுக்கறியையும் பீட்ரூட்டையும் சேர்த்துக் கூழாக்கி அதன் தலையில் முட்டையைப் பொரித்து வைக்கிறார்கள்.

நான் ஏன் போனேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம்.

சென்ஸிக்கு என் அன்பு. உனக்கும் கொஞ்சம்.

பூர்கி


ஹோல்ஸ்பாக்
நவம்பர் 3

அன்புள்ள பூர்கி,

புகை வந்துவிட்டது.

பேக்கரி சைலர் வீட்டுப் பரணில் உன்னுடையதைப் போலவே ஒரு சாம்பல் பெட்டி இருந்தது. இரவல் வாங்கினேன். ஒரே ஒரு நொடி பார்ப்போம் என்று இரண்டையும் சேர்த்து மாட்டினேன். அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. சைலரின் பெட்டி செத்தது, உன் பச்சை மலை இன்ஜினுக்குள்ளும் ஏதோ கருகிவிட்டது. என் பெட்டி மட்டும் தன்னைத் தானே அணைத்துக்கொண்டு தப்பித்தது. சைலர் என்னோடு பேசுவதில்லை. ரொட்டி வாங்கப் போனால் நேற்றையதை எடுத்துக் கொடுக்கிறார். இன்ஜினைப் பற்றி நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல.

நேற்று கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறைக்கு நான் மட்டும் போய் விளக்கு வைத்துவிட்டு வந்தேன். ஈரமும் குளிரும். திரும்பி வந்து சமையற்கட்டில் உட்கார்ந்து உன் கடிதத்தை எடுத்தேன். கடைப் பலகைக்கு எழுதுகிற தடித்த பேனாவால் எழுதியிருக்கிறாய், வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. எனக்குக் கோபம் வந்தது. "பாரு சென்ஸி, ஒழுங்கா எழுதக்கூட மனசு வரல அவளுக்கு. திமிரு பிடிச்சவ" என்றேன்.

சென்ஸி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"முதலாளி, போன வருஷம் அவங்க சூப்பைத் தட்டுக்கு வெளிய ஊத்துனாங்களே, அன்னிக்கு நீங்க என்ன கேட்டீங்க?"

"என்ன கேட்டேன்?"

"'பகல்லயே ஏத்திக்கிட்டியா'ன்னு கேட்டீங்க. விருந்தாளிங்க எல்லாரும் சிரிச்சாங்க. அவங்களும் சிரிச்சாங்க. அப்புறம் உள்ள வந்து இந்த ஸ்டூல்ல உக்காந்து அழுதாங்க."

நான் அந்த ஸ்டூலைப் பார்த்தேன்.

"பில்லுல எழுதினதை என்கிட்டதான் வாசிக்கச் சொல்லுவாங்க. மாடிப்படியில கடைசிப் படி எதுன்னு காலால தடவித்தான் இறங்குவாங்க. கண்ணு போயிட்டிருக்கு முதலாளி. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. இவ்வளவு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். திமிருன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு மேல என்னால முடியல."

மாடிக்குப் போனேன். புதுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வண்டியைக் கிளப்பப் பார்த்தேன். விரல் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டே போகிறது. எங்கே நிற்கிறோம் என்று பிடித்துக்கொள்ள ஒரு விளிம்புகூட இல்லை. உன் சிவப்புக் குமிழ் நினைவுக்கு வந்தது. இடக்கோடியில் முட்டி நின்றால் வண்டி நின்றது என்று அர்த்தம், அதற்கும் கொஞ்சம் தள்ளினால் 'டக்'கென்று திசை மாறும். நீ எப்போதும் தண்டவாளத்தைப் பார்க்காமல் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டுவாய். அது ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்.

பூர்கி, நிஜமா?

அண்ணன்


குக்ஸ்ஹாவன்
நவம்பர் 8

அண்ணா,

நிஜம்தான்.

சென்ஸியைத் திட்டாதே. நானும் திட்டப் போவதில்லை.

பார்வை நடுவில்தான் போகிறது, ஓரம் இருக்கிறது. இப்போது நீ எதிரில் உட்கார்ந்தால் உன் இரண்டு காதும் தெரியும், காதுகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு புகை. பெரிய நஷ்டமில்லை என்று நீயே ஜோக் அடிப்பாய், நான் முந்திக்கொண்டேன். ஹாம்பர்க்கில் ஒரு டாக்டரம்மா மாதாமாதம் கண்ணில் ஊசி போடுகிறார். கேட்கத்தான் பயங்கரம், போட்டுக்கொள்ள அவ்வளவு இல்லை. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்கிறார்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்ல நினைத்த அன்றைக்குத்தான் நீ அந்தப் பெட்டியை ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து வைத்தாய். உன் முகத்தில் எவ்வளவு சந்தோஷம்! அப்போது உன் முகம் கொஞ்சம் தெரிந்தது. "இனிமே எல்லாம் திரையிலயே தெரியும் பூர்கி, கண்ணால பாத்துக்கிட்டே இருந்தாப் போதும்" என்றாய். நான் என்ன சொல்ல முடியும்? கோபப்படுவது சுலபமாக இருந்தது.

உன் கடிதத்தை இப்போதெல்லாம் ஃப்ராவ்க்கேதான் வாசித்துக் காட்டுகிறாள். அதனால் மரியாதையாக எழுது. பேக்கரிக்காரர் கதையை அவள் வாசிக்கும்போது இரண்டு பேரும் சிரித்துப் புரையேறிவிட்டது. பச்சை இன்ஜினுக்காக இரண்டு நாள் துக்கம் கொண்டாடினேன், முடிந்தது.

பூர்கி


ஹோல்ஸ்பாக்
நவம்பர் 11

என் அருமைத் தங்கைக்கு,

இன்று மார்ட்டின் திருநாள். கீழே வாத்து வறுபடும் மணம், தெருவில் பிள்ளைகள் விளக்கோடு போகிறார்கள். என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே. வருகிற 21ஆம் தேதி திங்கட்கிழமை காரை எடுத்துக்கொண்டு வந்து உன்னைக் கூட்டி வருகிறேன். மாடி அறை வேண்டாம், கீழே தோட்டத்துப் பக்கத்து அறையை உனக்கு ஒழித்துத் தருகிறேன். சமையற்கட்டுப் பக்கம் நீ போகவே வேண்டாம், சூடான பாத்திரங்கள் ஆபத்து. மலைப்பாதைக்கும் வழி கண்டுபிடித்தாயிற்று: உன் இன்ஜின்களுக்கெல்லாம் புதுச் சிப்பு மாற்றி, என் பெட்டியிலேயே சொல்லி வைத்துவிட்டால் வண்டிகள் தாமாகவே ஏறும், தாமாகவே இறங்கும், ஸ்டேஷனில் தாமாகவே நிற்கும். நீ பக்கத்தில் வசதியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். ஊரார் வந்து உன்னோடு பேசிக்கொண்டிருப்பார்கள்.

திங்கட்கிழமை புறப்படவா?

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அண்ணன்


குக்ஸ்ஹாவன்
நவம்பர் 15

அண்ணனுக்கு,

வராதே.

கடிதத்தை வாசித்து முடித்ததும் ஃப்ராவ்க்கே கேட்டாள்: "உங்கண்ணன் உன்னைக் கூப்பிடுறாரா, இல்ல அலமாரியில எடுத்து வைக்கப் போறாரா?"

வெளியே போய்க் கடலோரம் நடந்தேன். தனியாகத்தான் நடந்தேன். விழவில்லை.

தாமாகவே ஓடுகிற ரயிலுக்கு நான் எதற்கு? நாற்காலியில் உட்கார்த்தி வைத்தால் வருகிறவர்கள் என் கையைத் தடவிக் கொடுத்து 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சமையற்கட்டுக்குப் போகக்கூடாதாம். இங்கே தினமும் அடுப்பு பற்ற வைப்பது யாரென்று நினைத்தாய்?

அண்ணா, எனக்கு ஓட்ட வேண்டும். இறங்குசரிவில் வேகம் கூடும்போது சக்கரச் சத்தம் மாறும், அதைக் கேட்டுக் குமிழை ஒரு மயிரிழை குறைக்க வேண்டும். அது நான் செய்வது. பெட்டி செய்தால் அது வேறு யாரோ ஓட்டுகிற ரயில்.

ஃப்ராவ்க்கே இங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள். அடுத்த வருஷத்திலிருந்து அறைகளைச் சேர்ந்தே நடத்தலாமாம். இன்னும் சரி என்று சொல்லவில்லை. சொல்லிவிடுவேன் போலிருக்கிறது.

வால்புர்கா


ஹோல்ஸ்பாக்
நவம்பர் 25

அன்புள்ள பூர்கி,

முழுப்பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருந்தாய். அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கீழறையை ஒழிப்பதை நிறுத்திவிட்டேன். அங்கே திரும்பவும் உருளைக்கிழங்கு மூட்டைதான் இருக்கிறது. இனி நான் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

உன் இன்ஜின் எதையும் தொடவில்லை. உன் மலைப்பாதை உன் பெட்டியின் பேச்சைத்தான் கேட்கும், என் ஸ்டேஷன் என் பெட்டியின் பேச்சைக் கேட்கும். இரண்டையும் பிரிக்க, இரண்டு பக்கமும் சேரும் கல் பாலத்தின் மேல் தண்டவாளத்தை வெட்டினேன். பிரித்தால் மட்டும் போதாது, என் பக்கத்திலிருந்து ஒரு வண்டியாவது உன்னிடம் வர வேண்டும் அல்லவா? அதனால் இரண்டு இடத்தில் வெட்டி, நடுத்துண்டைத் தனியாக்கி, அதற்கு ஒரு சுவிட்ச் வைத்தேன். இந்தப் பக்கம் தள்ளினால் நடுத்துண்டு என்னுடையது, அந்தப் பக்கம் தள்ளினால் உன்னுடையது. வண்டி முழுசாக நடுத்துண்டுக்குள் வந்து நின்ற பிறகு தள்ள வேண்டும். இன்ஜினும் பெட்டியும் ஒன்றாக இருக்கும் என் சிவப்பு ரயில் காரில் இருக்கும் சிப்புக்கு இரண்டு பாஷையும் தெரியும், அதுதான் போய் வரும்.

முதல் தடவை துண்டைக் குட்டையாக வெட்டிவிட்டேன். ஆம்பெர்க்கிலிருந்து ரயில் கிளப்காரர் ஒருவர் தன் பழைய பெட்டியோடு சோதித்துப் பார்க்க வந்திருந்தார். ரயில் கார் நடுத்துண்டில் நின்றது, ஆனால் அதன் பின்னால் இழுத்து வந்த பயணிகள் பெட்டியின் கடைசிச் சக்கரம் என் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பெட்டியில் எரியும் விளக்குக்கும் சக்கரம் வழியாகத்தானே மின்சாரம்! சுவிட்சைத் தள்ளியதும் இரண்டு பக்கமும் படாரென்று அணைந்தது. நல்லவேளை, எதுவும் கருகவில்லை. அவர் தன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, "பேக்கரிக்காரர் கதைய நானும் கேள்விப்பட்டேன் சார்" என்றார். நீளமாக வெட்டி மறுபடி ஓட்டினோம். போனது, பூர்கி. பாலத்தில் ஒரு மூச்சு நின்று, மறுபக்கம் போனது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரவல் தரமாட்டாராம்.

சுவிட்சை உன் பக்கம்தான் வைத்திருக்கிறேன். வண்டியை நான் பாலத்தில் கொண்டுவந்து நிறுத்தி மணி அடிப்பேன். எப்போது எடுத்துக்கொள்வது என்பது உன் இஷ்டம். நீ சுவிட்சைத் தள்ளாதவரை அந்த வண்டி அங்கேயேதான் நிற்கும், எவ்வளவு நேரமானாலும்.

உன் பெட்டி இல்லாமல் மலைப்பக்கம் வெறும் அட்டைதான். நாளை மறுநாள் முதல் ஞாயிறு. பெட்டியைப் பார்சலில் அனுப்பினால் சென்ஸிக்குக் குமிழைத் திருப்பச் சொல்லிக் கொடுப்பேன். அனுப்ப மனமில்லை என்றாலும் சரி.

கோர்பி


ஹோல்ஸ்பாக்
டிசம்பர் 5

பூர்கி,

பதில் இல்லை. போனை இரண்டு தடவை கையில் எடுத்தேன், சண்டை வரும் என்று வைத்துவிட்டேன்.

இரண்டு ஞாயிறும் முடிந்துவிட்டன. நல்ல கூட்டம். என் ஸ்டேஷன் ஓடியது. மலைப்பக்கம் இருட்டாகக் கிடந்தது. வந்தவர்கள் கேட்டார்கள், "தங்கச்சி எங்க, மலை ரயில் ஓடலையா?" முதல் வாரம் ரிப்பேர் என்று சமாளித்தேன். நேற்று சைலர் கேட்டபோது பொய் சொல்ல வரவில்லை. "அது அவளோட ரயிலு. அவ வந்தாத்தான் ஓடும்" என்றேன். அவர் இன்று காலை புது ரொட்டி கொடுத்தார்.

நீ அங்கேயே இருப்பதாக முடிவு செய்திருந்தால் இரு. இறால் உரி. நான் கோடையில் வந்து உன் கையால் அந்தச் சிவப்புக் கூழைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். தண்டவாளத்தை மறுபடி ஒட்டமாட்டேன், அது மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன்


குக்ஸ்ஹாவன்
டிசம்பர் 12

அன்புள்ள அண்ணா,

உன் நீளமான கடிதத்தை ஃப்ராவ்க்கே எனக்கு நாலு தடவை வாசித்துவிட்டாள். நாலாவது தடவை தொண்டை கட்டிவிட்டது, போதும் என்று சொல்லிவிட்டாள். பதில் எழுதாமல் இருந்தது கோபத்தில் அல்ல. என்ன எழுதினாலும் அழுதுவிடுவேன் போலிருந்தது. தடித்த பேனா மை நனைந்தால் அசிங்கமாகப் பரவும்.

பெட்டியைப் பார்சலில் அனுப்பமாட்டேன். சென்ஸி குமிழைத் தொட்டால் வண்டி பள்ளத்தில்தான் கிடக்கும். அவளுக்குச் சூப்பு இருக்கிறது.

நானே கொண்டுவருகிறேன். சனிக்கிழமை மாலை வண்டி, நாலரைக்கு அங்கே வரும். கடைசி ஞாயிறுக்குச் சரியாக இருக்கும். கண் ஊசி நம்மூர்ப் பக்கம் ரேகன்ஸ்பர்க்கிலும் போடுகிறார்களாம், கேட்டு வைத்துவிட்டேன். ஃப்ராவ்க்கே இரண்டு நாள் பேசவில்லை, பிறகு எனக்காகக் கம்பளிச் சட்டை மடித்து வைத்தாள். கோடைக்கு ஒரு மாதம் அவளிடம் வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீ தடுக்கக் கூடாது.

மாடியில் என் பழைய அறைதான் வேண்டும். படிக்கட்டை நானே பார்த்துக்கொள்வேன். சமையற்கட்டுக்குப் போவேன். உன் தட்டில் விழும் உருண்டையின் அளவைப் பற்றி சென்ஸியிடம் பேசிப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது.

ஊரில் யாராவது எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடு. நான் வந்த பிறகு ஒவ்வொருவரிடமும் நானே சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்று. ஸ்டேஷனில் நான் இறங்கும்போது நீ வழக்கம்போலத் தூரத்தில் நின்று கையை ஆட்டாதே. யாரோ கையாட்டுகிறார்கள் என்று தெரியும், அது நீ என்று எனக்குத் தெரியாது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. சத்தமாகக் கூப்பிடு. பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தாலும் நான் வந்து சேருகிறவரை நிறுத்தாதே.

உன்,
பூர்கி